ஊர்வலமா, கோப்பா?

மே 31 உலகப் புகையிலை எதிர்ப்பு நாள். அன்று காலை தமிழ்நாட்டின் எந்த மாவட்டத் தலைநகருக்குப் போனாலும் அநேகமாக ஓர் ஊர்வலத்தைப் பார்த்துவிடலாம். ஆட்சியரோ மருத்துவக் கல்லூரி டீனோ கொடியசைத்துத் தொடங்கி வைப்பார். வெள்ளைக் கோட்டு அணிந்த மாணவ மாணவியர் பதாகை பிடித்து, முழக்கமிட்டு, பேருந்து நிலையம் வரை நடந்து திரும்புவார்கள். பத்திரிகைக்குப் படம் எடுத்து முடிந்ததும் மோர் பாக்கெட் கொடுப்பார்கள். வழியில் எத்தனை பெட்டிக்கடைகள் பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரை ஒட்டி இருந்தன, எத்தனையில் சிகரெட்டை ஒற்றை ஒற்றையாக விற்றார்கள் என்று கேட்டால் ஊர்வலம் போன ஒருவருக்கும் தெரியாது. எண்ணிப் பார்க்க அவர்களை யாரும் அனுப்பவில்லை. ஆனாலும் பயிற்சிக் குறிப்பேட்டில் அந்தக் காலைப்பொழுது 'அட்வகசி' என்று ஏறிவிடும்.

இதில் ஒரு சொல் சிக்கல் இருக்கிறது. அட்வகசி என்பதற்குத் தமிழில் நிலைத்த சொல் கிடையாது. மொழிபெயர்ப்புகளில் 'பரிந்து பேசுதல்' என்றும் 'ஆதரவு திரட்டல்' என்றும் வருகிறது; தொண்டு நிறுவனக்காரர்கள் பேச்சில் அட்வகசி என்றே புழங்குகிறது. சொந்தச் சொல் இல்லாத இடத்தில் 'விழிப்புணர்வு' வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டுக்கும் தூரம் அதிகம். பீடி பிடிப்பவரிடம் போய்ப் புற்றுநோயைப் பற்றிச் சொல்வது விழிப்புணர்வு. பள்ளி வாசலில் பீடி விற்பதைத் தடுக்க ஆணை போடக்கூடியவரிடம், எண்ணிக்கையோடும் சட்டப்பிரிவோடும் போய் நிற்பது அட்வகசி. முன்னதற்குத் தொண்டை வேண்டும், பின்னதற்குக் கோப்பு வேண்டும்.

உதாரணத்துக்கு, எண்ணெயில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பை எடுத்துக்கொள்வோம். டீக்கடையில் வடை தின்பவரிடம் அதன் கேட்டை எவ்வளவு விளக்கினாலும் வடை பொரிக்கும் எண்ணெயைத் தேர்ந்தெடுப்பவர் அவரல்ல. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எண்ணெய், கொழுப்பு வகைகளில் 5 சதவீதமாக இருந்த வரம்பை 2021-இல் 3 சதவீதமாகவும் 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதமாகவும் குறைத்தது. வடை தின்பவருக்கு இது தெரியாது, தெரியவும் வேண்டாம். கொள்கை வேலை செய்யும்போது அப்படித்தான் சத்தமில்லாமல் செய்யும்.

பொதுச் சுகாதாரக் கொள்கை சார்ந்து மாணவர்கள் செய்யும் இன்டர்ன்ஷிப் என்று ஒன்று உலகமெங்கும் பெருகிவிட்டது. மருத்துவம், செவிலியம், சமூகப்பணி, சட்டம், பொருளியல் என்று பல துறைகளிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். ஆறு வாரம், மூன்று மாதம் இருந்து சான்றிதழோடு போகிறார்கள். இவர்களால் ஏதாவது நடந்திருக்கிறதா? நடந்திருக்கிறது. நடந்த இடங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: அங்கெல்லாம் மாணவர்கள் செய்தது மிகக் குறுகலான ஒரு வேலை. ஓர் ஆவணத்தையோ ஓர் எண்ணையோ தேடிப் பிடித்து, முடிவெடுக்கக்கூடிய ஒருவர் முன்னால் வைத்தார்கள். நம் பயிற்சித் திட்டங்கள் கற்றுத்தராதது இந்த ஒன்றைத்தான்.

கோடை விடுமுறையில் வந்த ஏழு பேர்

1968 கோடையில் வாஷிங்டனுக்கு ஏழு மாணவர்கள் வந்தார்கள். பெரும்பாலும் சட்டம் படித்தவர்கள். கார் நிறுவனங்களோடு மல்லுக்கட்டிப் பெயர்பெற்றிருந்த ரால்ஃப் நாடர் அவர்களிடம் ஒரே ஓர் அலுவலகத்தைக் காட்டினார்: கூட்டாட்சி வர்த்தக ஆணையம். பொய் விளம்பரங்களையும் ஏமாற்று வணிகத்தையும் தடுப்பது அதன் கடமை. சிகரெட் விளம்பரங்களும் அதன் பார்வைக்குள் வந்தன. அந்த அலுவலகம் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்து எழுதுவதுதான் அவர்களுக்கு இட்ட பணி. அலுவலர்களைச் சந்தித்தார்கள், கோப்புகளைக் கேட்டார்கள், யார் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறார் என்றுகூடப் பார்த்தார்கள். 1969 ஜனவரியில் அறிக்கை வெளிவந்தது. புதிதாகப் பதவியேற்ற அதிபர் நிக்சன் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்திடம் அந்த ஆணையத்தை மறு ஆய்வு செய்யச் சொன்னார். சங்கத்தின் குழுவும் மாணவர்கள் சொன்னதை ஒட்டியே எழுதியது. ஆணையம் திருத்தி அமைக்கப்பட்டது. அடுத்த கோடைகளில் நாடரிடம் வந்த மாணவர் கூட்டம் உணவு, மருந்து நிர்வாகத்தையும் காற்று மாசைக் கவனித்த அலுவலகத்தையும் அதே முறையில் துருவியது. பத்திரிகைகள் இவர்களுக்கு 'நாடரின் தாக்குதல் படை' என்கிற பாணியில் பெயர் சூட்டின.

இதை வீரக்கதையாக மட்டும் வாசித்துவிடக் கூடாது. அந்த ஏழு பேரில் ஒருவர் முன்னாள் அதிபர் டாஃப்டின் கொள்ளுப்பேரன். இன்னொருவர் பின்னாளில் நிக்சனின் மருமகன் ஆனார். கதவைத் தட்டினால் திறக்கும் வீட்டுப் பிள்ளைகள். சம்பளம் வாங்காமல் ஒரு கோடை முழுக்க வாஷிங்டனில் தங்கவும் அவர்களால் முடிந்தது. இன்றைய இன்டர்ன்ஷிப்பின் நல்ல மரபும் கெட்ட மரபும் இந்த ஒரே இடத்திலிருந்து கிளைத்தவை.

ஒரு மருந்தின் காப்புரிமை

அடுத்த கதை 2001-இல் நடக்கிறது, யேல் பல்கலைக்கழகத்தில். எச்.ஐ.வி. மருந்தான ஸ்டாவுடின், டி4டி என்று அழைக்கப்பட்டது, யேலின் ஆய்வகத்தில்தான் எச்.ஐ.வி.க்கு எதிராக வேலை செய்வது கண்டறியப்பட்டது. கண்டறிந்தவர்கள் வில்லியம் புரூசாஃபும் தாய்-ஷுன் லின்னும். காப்புரிமை பல்கலைக்கழகத்திடம், விற்பனை உரிமை பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனத்திடம். யேலின் காப்புரிமை வருவாயில் பெரும்பங்கு இந்த ஒரு மருந்திலிருந்தே வந்துகொண்டிருந்தது. தென்னாப்பிரிக்காவில் லட்சக்கணக்கானோர் எய்ட்ஸால் செத்துக்கொண்டிருந்த நேரம் அது. மலிவான மருந்தை இறக்குமதி செய்ய வழிவிடும் சட்டத்துக்கு எதிராக 39 மருந்து நிறுவனங்கள் பிரிட்டோரியா நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தன. 2001 பிப்ரவரியில் மும்பை சிப்லா நிறுவனம் மூன்று மருந்து சேர்ந்த சிகிச்சையை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. பணக்கார நாடுகளில் அன்று அதற்கு 10,000 டாலருக்கு மேல் ஆகும்.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு யேலுக்குக் கடிதம் எழுதியது: தென்னாப்பிரிக்காவில் உங்கள் காப்புரிமையை வலியுறுத்தாமல் இருப்பீர்களா? எங்கள் கையில் ஒன்றுமில்லை, உரிமையை நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டோம் என்று பல்கலைக்கழகம் பதில் சொன்னது. அங்கேதான் மாணவர்கள் நுழைந்தார்கள். ஏமி கப்சின்ஸ்கி அப்போது சட்டக் கல்லூரியில் முதலாண்டு மாணவி. அவரும் நண்பர்களும் காப்புரிமையைப் பற்றிப் படித்தார்கள், கையெழுத்து திரட்டினார்கள், வயதான புரூசாஃபிடம் போய்ப் பேசினார்கள். மருந்தின் ஆற்றலைக் கண்டறிந்தவரே மாணவர் பக்கம் நின்றார்; பின்னர் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் எழுதவும் செய்தார். மார்ச் 14 அன்று நிறுவனம் இறங்கி வந்தது. தென்னாப்பிரிக்காவில் காப்புரிமையை வலியுறுத்த மாட்டோம், ஒரு நாளைக்கு 15 சென்ட் விலையில் தருகிறோம் என்று அறிவித்தது. அடுத்த மாதம் 39 நிறுவனங்களும் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. மாணவர்களின் இயக்கம் 'அத்தியாவசிய மருந்துகளுக்கான பல்கலைக்கழகக் கூட்டணி' என்ற அமைப்பாக வளர்ந்தது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது மாணவர்களின் ஆவேசம் இல்லை, அவர்கள் தேர்ந்தெடுத்த இலக்கு. 'எய்ட்ஸை ஒழிப்போம்' என்று அவர்கள் கிளம்பவில்லை. தங்கள் பல்கலைக்கழகம், அதன் தலைவர், ஒரு காப்புரிமை, ஒரு நாடு. அவர்களுக்குப் பாத்தியதை உள்ள இடத்தில் கேட்டார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்டாவுடின் கடும் பக்கவிளைவுகள் உள்ள மருந்து. நரம்புகள் மரத்துப்போகும், முகத்துக் கொழுப்பு கரைந்து கன்னம் ஒட்டிவிடும். 2009-இல் உலகச் சுகாதார நிறுவனமே அதைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. கொள்கை வெற்றிக்கும் காலாவதித் தேதி உண்டு. அந்த எட்டாண்டுகளில் பிழைத்தவர்களுக்கு அது ஒரு குறையாகப் பட்டிருக்காது.

சென்னையில் ஒரு குளிர்பதனப் பெட்டி

நம் ஊரில் இதற்கு நிகரான ஒன்று உண்டா? கண்டிப்பான பொருளில் இன்டர்ன்ஷிப் என்று சொல்ல முடியாவிட்டாலும், ஒரு மாணவியின் வேலை நாட்டின் சுகாதாரக் கொள்கையையே திருப்பிய கதை சென்னையில் நடந்திருக்கிறது. 1985 இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பட்ட மேற்படிப்பு மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்கு ஆய்வேட்டுத் தலைப்பு தேவைப்பட்டது. பேராசிரியர் சுனிதி சாலமன், எய்ட்ஸ் கிருமி இங்கே இருக்கிறதா என்று பாரேன் என்றார். அது வெளிநாட்டுக்காரர்களின் நோய், நம் பண்பாட்டுக்கு வராது என்று பலரும் நம்பிய காலம். நிர்மலாவுக்கே தயக்கம், கணவர்தான் தைரியம் சொல்லி அனுப்பினார்.

பெண்கள் காப்பகத்துக்குப் போய், அங்கே அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் எடுத்தார். சில மாதங்களில் எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகள். கையுறை கிடையாது, பாதுகாப்பு ஏற்பாடு கிடையாது. பிரித்தெடுத்த சீரத்தை வைக்க வேறு இடமில்லாமல் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தார். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார்கள். 1986 பிப்ரவரியில் அங்கே ஆறு மாதிரிகள் நிறம் மாறின. மறுபடி சோதித்தார்கள், மறுபடியும் அதே. அமெரிக்காவுக்கு அனுப்பியும் உறுதி செய்தார்கள். மே மாதத்தில் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது அப்படித்தான் அரசாங்க உண்மை ஆனது. 1994-இல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தனி அமைப்பாகப் பதிவானது. அந்த அமைப்பு முறையைப் பிற மாநிலங்களும் எடுத்துக்கொண்டன.

ஒரு மாணவி, ஒரு கேள்வி, ஆறு குழாய்கள். அதற்கு மேல் ஊர்வலம் எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் இந்தக் கதையின் இருட்டுப் பக்கத்தை விட்டுவிட்டுப் போனால் ஏமாற்றுவேலை ஆகிவிடும். எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் நினைத்தார்கள். காப்பகத்துக்குள் இருப்பவர் மாட்டேன் என்று சொல்லவா முடியும்? எச்.ஐ.வி. சோதனைக்கு விவரம் சொல்லிப் பெற்ற ஒப்புதல் வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 2017-இல். இடையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டன. கொள்கைக்கு எண் தேடிப் போகும் மாணவருக்கு முதல் வகுப்பு இதுவாகத்தான் இருக்க வேண்டும்: உன் எண் யாருடைய உடம்பிலிருந்து வருகிறது, அவருக்கு அது தெரியுமா? ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதோடு இந்தக் கேள்வி தீர்வதில்லை.

நூறு கெஜம்

இப்போது பெட்டிக்கடைக்குத் திரும்புவோம். இன்று இந்தியாவில் கொள்கை சார்ந்த இன்டர்ன்ஷிப்பில் மாணவர்கள் கையில் அடிக்கடி கொடுக்கப்படும் வேலை, புகையிலைச் சட்டத்தை யார் மதிக்கிறார்கள் என்று கணக்கெடுப்பது. 2003-ஆம் ஆண்டு சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம், ஆங்கிலச் சுருக்கத்தில் கோட்பா, அதன் 6-ஆம் பிரிவு இரண்டு தடைகளை விதிக்கிறது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது. கல்வி நிறுவனத்தைச் சுற்றி நூறு கெஜத்துக்குள் விற்கவே கூடாது. ஏறத்தாழ 91 மீட்டர்.

கேட்பதற்கு எளிது. அளக்கப் போனால்தான் கொள்கை என்பது என்னவென்று புரிய ஆரம்பிக்கும். சட்டம் சொல்வது வட்ட ஆரம். சுற்றுச்சுவரின் வெளி விளிம்பிலிருந்து நேர்கோட்டில் அளக்க வேண்டும். கடைக்காரர் சொல்வது நடைத்தூரம்: "தெரு சுத்தி வந்து பாருங்க தம்பி, இருநூறு கெஜம் வரும்." சுற்றுச்சுவரே இல்லாத ஊராட்சிப் பள்ளிக்கு விளிம்பு எது? டியூஷன் சென்டர் கல்வி நிறுவனமா? சந்தைத் தெருவில் இரண்டு பள்ளிகள் அருகருகே இருந்தால் இரண்டு வட்டமும் சேர்ந்து கடைத்தெரு முழுவதையும் விழுங்கிவிடும். அளவு நாடாவும் குறிப்பேடும் எடுத்துக்கொண்டு ஒரே ஒரு வார்டைச் சுற்றி வந்த மாணவர் இந்தக் கேள்விகளோடு திரும்புவார். ஊர்வலம் போனவரிடம் இவை இருக்காது.

அடுத்தது தண்டனை. 6-ஆம் பிரிவை மீறினால் அபராதம் 200 ரூபாய் வரை. பல கடைகளில் அது ஒரு நாள் வியாபாரச் செலவு மாதிரி. ஆனால் 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவைப் புரட்டினால், குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்று இருக்கிறது. அதே கடை, அதே பையன், அதே ஒற்றைச் சிகரெட். ஒரு சட்டத்தில் 200 ரூபாய், மற்றதில் ஏழாண்டு. அபராதம் சிறியதாக இருப்பதால் யாரும் பயப்படுவதில்லை. தண்டனை பெரியதாக இருப்பதால் அதை யாரும் கையிலெடுப்பதில்லை. ஒரு நல்ல கொள்கைக் குறிப்பு எழுத மாணவருக்கு இந்த ஒரு முரண் போதும்.

என் மனத்தாங்கல் வேறொன்று. இந்தக் கணக்கெடுப்புகளில் மாட்டுபவர் யார்? பெட்டிக்கடையில் உட்கார்ந்திருக்கும் கைம்பெண், கால் ஊனமானவர், பக்கத்து ஊரிலிருந்து வந்து தள்ளுவண்டி போட்டவர். கடைக்கு இலவசமாக விளம்பரப் பலகை மாட்டிக்கொடுத்த நிறுவனத்தின் முகவர் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் வருவதில்லை. விற்பனை இடத்தில் விளம்பரப் பலகை 60 செ.மீ.க்கு 45 செ.மீ. அளவைத் தாண்டக் கூடாது, எச்சரிக்கை வாசகம் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. கடைக்காரரைக் கணக்கெடுக்கும் படிவத்தோடு பலகையை அளக்கும் படிவத்தையும் கொடுத்து அனுப்பினால் மாணவரின் பார்வை ஒரு படி மேலே ஏறும். பலகை யாருடையது என்று கேட்கத் தோன்றும்.

இன்னும் ஒரு படி மேலே போனால் வரி. புகையிலையைக் கட்டுப்படுத்தும் வழிகளில் வலுவானது விலையேற்றம் என்பதில் பொதுச் சுகாதாரத் துறையில் கருத்து வேறுபாடு அதிகம் இல்லை. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது சிகரெட்டுக்கு 28 சதவீத வரிக்கு மேல் செஸ்ஸும் விழுந்தது. பீடிக்கு அப்போது செஸ் விதிக்கப்படவில்லை. ஏன் என்று கேட்கும் மாணவர் மேலப்பாளையத்துக்கோ முக்கூடலுக்கோ குடியாத்தத்துக்கோ போய்வர வேண்டும். வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலிக்குச் சுற்றும் பெண்களைப் பார்க்க வேண்டும். அவர்கள் நெஞ்சுக்குள் போகும் தூளும் பொதுச் சுகாதாரம்தான், அவர்கள் அடுப்பு எரிவதும் பொதுச் சுகாதாரம்தான். வரியை ஏற்றச் சொல்லும் குறிப்பில் இந்தப் பெண்களுக்கு ஒரு பத்தி இல்லாவிட்டால் நாளைக்கு அதே பெண்களை முன்னால் நிறுத்தி நிறுவனங்கள் வாதாடும். வாதாடியும் இருக்கின்றன.

குட்காவின் கதை வேறு விதம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2013 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் தடையாணை புதுப்பிக்கப்பட்டு வந்தது. தற்காலிக அதிகாரத்தை வைத்து ஆண்டுக்காண்டு நீட்டிக்க முடியாது என்று 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. இப்படி ஒரு தீர்ப்பை உட்கார்ந்து படித்து, ஆணையின் சட்ட அடிப்படை எங்கே பலவீனம் என்று இரண்டு பக்கத்தில் எழுதப் பழகுவது ஐம்பது சுவரொட்டி வரைவதைவிடப் பயனுள்ள பயிற்சி.

கல்லூரி என்ன கற்றுக்கொடுக்கிறது

எம்.பி.பி.எஸ். முடிப்பவர் ஓராண்டு ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறார். 2021-இல் வந்த புதிய விதிகள் அதில் சமூக மருத்துவத்துக்கு 12 வாரம் ஒதுக்குகின்றன. அந்த நாட்களில் அவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புறநோயாளிகளைப் பார்க்கிறார், தடுப்பூசி முகாமுக்குப் போகிறார், பதிவேடு நிரப்புகிறார். தேவையான வேலைதான். ஆனால் அந்த நிலையத்துக்கு வரும் மருந்தின் அளவை யார் முடிவு செய்கிறார்கள், காலியிடம் நிரம்பாதது எந்த மேசையில் நிற்கிறது என்று யாரும் அவருக்குக் காட்டுவதில்லை. பொதுச் சுகாதார முதுகலைப் படிப்புகள் நிலைமையைச் சற்று மாற்றியிருக்கின்றன. திருவனந்தபுரம் அச்சுத மேனன் மையம் 1997-இலேயே தொடங்கியது. பெங்களூரில் 1984-இல் பிறந்த சமூகச் சுகாதாரக் குழு, இன்றைய சோச்சாரா, இளைஞர்களை மாதக்கணக்கில் களத்தில் விட்டு, திரும்ப அழைத்து, உட்கார வைத்துப் பேசும் முறையை வளர்த்தது. சட்டமியற்றும் அவைகளின் வேலையை ஆராயும் பி.ஆர்.எஸ். நிறுவனம் 2010 முதல் பட்டதாரிகளை நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் ஓராண்டு உதவியாளர்களாக அனுப்புகிறது. கேள்வி நேரத்துக்கு ஒரு கேள்வி எப்படி உருவாகிறது என்பதை அவர்கள் உள்ளிருந்து பார்க்கிறார்கள்.

நம்மிடம் இருக்கும் ஒரு பொருளை நாம் பயன்படுத்துவதே இல்லை என்பது என் குறை. ஒவ்வோர் ஆண்டும் மானியக் கோரிக்கையின்போது மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை சட்டமன்றத்தில் ஒரு கொள்கை விளக்கக் குறிப்பை வைக்கிறது. தமிழிலேயே கிடைக்கும், காசு வேண்டாம். எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு, எந்தப் பணியிடம் எத்தனை, போன ஆண்டு சொன்னது என்ன என்று அதில் இருக்கிறது. இரண்டு ஆண்டுக் குறிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது காணாமல் போயிற்று என்று தேடச் சொன்னாலே ஒரு மாணவருக்கு இரண்டு வாரம் வேலை இருக்கும். வெளிநாட்டுப் பாடநூலில் கொள்கைச் சுழற்சியை வட்டம் போட்டுப் படிக்கும் மாணவர்களில் எத்தனை பேர் இந்தக் குறிப்பைக் கையில் எடுத்திருப்பார்கள்?

யார் காசு, யார் வாய்

அட்வகசி என்றாலே அரசுக்கும் பணம் கொடுப்பவருக்கும் ஒரு கூச்சம் உண்டு. 2017 ஏப்ரலில் உள்துறை அமைச்சகம் பப்ளிக் ஹெல்த் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடை உரிமத்தை ரத்து செய்தது. புகையிலைக் கட்டுப்பாடு தொடர்பாக நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் ஊடகங்களிடமும் செல்வாக்குத் தேடியது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அதன் பிறகு பல நிறுவனங்கள் 'அட்வகசி' என்ற சொல்லையே எச்சரிக்கையோடு பயன்படுத்துவதில் வியப்பில்லை. இன்டர்ன் கையில் ஊர்வலப் பதாகை திணிக்கப்படுவதற்கும் இந்தப் பயத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்றே நினைக்கிறேன். விழிப்புணர்வு யாரையும் உறுத்தாது.

மறுபக்கம், காசு தேடி வரும் கைகளும் உண்டு. 2017-இல் புகையற்ற உலகுக்கான அறக்கட்டளை என்று ஒன்று முளைத்தது. ஆண்டுக்குச் சுமார் 8 கோடி டாலர் வீதம் 12 ஆண்டுகளுக்குத் தருவதாகச் சொன்னவர்கள் பிலிப் மோரிஸ் சிகரெட் நிறுவனத்தார். உலகச் சுகாதார நிறுவனம் அதனோடு சேர மாட்டேன் என்று வெளிப்படையாக அறிவித்தது. ஆராய்ச்சி நிதி, பயணச் செலவு, நல்ல பெயர் என்று எல்லாம் கிடைக்கும் இடத்தில் ஒரு மாணவர் விண்ணப்பிக்கும்போது, சம்பளம் யாரிடமிருந்து வருகிறது என்று கேட்க அவருக்கு யார் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்?

பெரும்பாலான இடங்களில் சம்பளமே கிடையாது என்பது வேறு விஷயம். உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்டர்ன்கள் நெடுங்காலம் சொந்தக் காசில் ஜெனீவாவில் தங்கினார்கள். உலகிலேயே விலை அதிகமான நகரங்களில் ஒன்று அது. 2015-இல் ஐ.நா. அலுவலகத்தில் ஊதியமின்றிப் பயிற்சி செய்த நியூசிலாந்து இளைஞர் ஒருவர் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கியது உலகச் செய்தி ஆனது. 2018-இல் உலகச் சுகாதாரப் பேரவை, 2022-க்குள் இன்டர்ன்களில் பாதிப் பேராவது ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளிலிருந்து வர வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 2020-இல் உதவித்தொகை வந்தது. ஏழை நாடுகளின் நோயைப் பற்றிப் பேசும் கட்டடத்தில் அந்த நாடுகளின் பிள்ளைகள் உதவித்தொகையோடு நுழைய எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

ஜெனீவாவை விடுங்கள். மன்னார்குடியில் சமூகப்பணி படிக்கும் ஒரு பெண் சென்னையில் ஆறு வாரம் தங்கினால் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டில் நகை அடகுக்குப் போகும். விண்ணப்பம் ஆங்கிலத்தில், நேர்காணல் ஆங்கிலத்தில், எழுதும் குறிப்பும் ஆங்கிலத்தில். ஆனால் அரசாணை தமிழில் வருகிறது, ஊராட்சித் தீர்மானம் தமிழில் இருக்கிறது, பெட்டிக்கடைக்காரர் தமிழில்தான் கோபப்படுகிறார். கொள்கை வேலைக்கு மிகப் பொருத்தமானவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

அவருக்கு ஜெனீவாவும் வேண்டாம், சென்னையும் வேண்டாம் என்று சொல்வேன். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டம் நடக்க வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சொந்த ஊரில் பள்ளியைச் சுற்றியுள்ள கடைகளை அளந்து, ஒரு பக்கக் கணக்கோடு சபையில் எழுந்து நின்று, தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி ஏற வைப்பதற்கு எந்த நிறுவனத்தின் கடிதமும் தேவையில்லை. அந்தக் கடைக்காரர் சித்தப்பா முறையாக இருப்பார் என்பதுதான் சிக்கல். ஊர்ப் பகையைச் சம்பாதித்துக்கொண்டு சான்றிதழோடு கிளம்பிவிட முடியாது. அதனாலேயே அவரிடம் முதலில் பேச வேண்டும், கடையை எங்கே நகர்த்தலாம், சிகரெட் போனால் வேறு எதை விற்கலாம் என்று சேர்ந்து யோசிக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் இன்டர்ன் இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார். அவர் எழுதும் குறிப்பு அதனால்தான் பல நேரம் காகிதமாகவே நின்றுவிடுகிறது.

காலமும் ஒரு தடை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்ததிலிருந்து, பத்து ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி எந்த மாணவரும் கேட்கலாம்: இந்த நகராட்சியில் கடந்த ஆண்டு கோட்பா 6-ஆம் பிரிவில் எத்தனை பேருக்கு அபராதம், எந்தத் தேதி, எவ்வளவு வசூல்? நாடரின் மாணவர்களுக்கு ஒரு கோடை முழுக்கப் பிடித்த வேலையை ஒரு தாள் செய்துவிடும். பதில் தர 30 நாள். தராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கு இன்னொரு 30 நாள், சில வேளை 45. இன்டர்ன்ஷிப் ஆறு வாரம். முதல் வாரம் அறிமுகம், இரண்டாம் வாரம் படித்தல், மூன்றாம் வாரத்தில் மனு எழுதிப் பதிவுத் தபாலில் போட்டால், பதில் உறை விடுதி வாசலுக்கு வரும்போது அறையில் வேறு ஒரு மாணவி இருப்பார். வார்டன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பழைய ஆள் என்று எழுதித் தபால்காரரிடம் திருப்பிக் கொடுப்பார்.